160 மணி நேரம் 16 ஆன கதை: இன்டர்ன்ஷிப் கணக்கை கம்ப்யூட்டரில் வைப்பது எப்படி?

கல்லூரி திறந்த இரண்டாவது வாரம். இரவு பத்து மணிக்கு என் சித்தி மகளிடமிருந்து போன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். "அண்ணே, நோட்டீஸ் போர்டுல என் பேரு போட்டிருக்காங்க. இன்டர்ன்ஷிப் மணி நேரம் பத்தலையாம். 120 வேணுமாம், எனக்கு 16தான் இருக்காம்" என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

மே மாத விடுமுறையில் அவள் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 20 நாள் வேலை பார்த்தாள். காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை. மதியம் அரை மணி நேரம் சாப்பாட்டுக்குப் போனால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். இருபது நாளுக்கு 160 மணி நேரம். இதற்கு கால்குலேட்டர் கூட வேண்டாம். ஆனால் கல்லூரிப் பட்டியலில் 16 என்றிருந்தது. ஒரு வாரத்துக்குள் சரி செய்யாவிட்டால் இன்டர்ன்ஷிப்புக்கு உரிய கிரெடிட் கிடைக்காது. அடுத்த விடுமுறையில் மறுபடியும் முதலிலிருந்து போக வேண்டும். சித்திக்கு அதைவிடப் பெரிய கவலை. போனை வாங்கி, "அப்ப 20 நாளும் டிபன் கேரியர தூக்கிட்டு இவ எங்கப்பா போனா?" என்று என்னிடமே கேட்டார்.

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதில் அவளே உருவாக்கிய எக்ஸெல் பைலை இமெயிலில் அனுப்பச் சொன்னேன். திறந்த அரை நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் கல்லூரி போகும் பிள்ளைகள் இருந்தால் இதே சிக்கல் வரலாம் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கிரெடிட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வகுப்பறைப் பாடத்தைப் போலவே வெளியில் போய்ச் செய்து கற்பதற்கும் மதிப்பு தர வேண்டும் என்பது பழைய யோசனைதான். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் 1906ஆம் ஆண்டு 27 மாணவர்களை வைத்து இதைத் தொடங்கினார். வகுப்பிலும் தொழிற்சாலையிலுமாக மாறி மாறிப் படித்தார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கப்பட்டபோதே இந்த முறையைக் கையில் எடுத்துக்கொண்டது. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகம், இன்டர்ன்ஷிப்பில் 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட் என்று கணக்கு வைக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இந்தக் கணக்கு மாறும். உங்கள் கல்லூரியின் விதிமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எந்த விதிமுறையானாலும் அடிப்படை ஒன்றுதான். செலவழித்த நேரத்தைக் கூட்டிக் காட்ட வேண்டும். அந்தக் கூட்டலில்தான் எங்கள் வீட்டுப் பிரச்சினை வந்தது.

எக்ஸெலுக்கு நேரம் ஒரு பின்னம்

இப்போதே உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெலைத் திறந்து ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏ1, ஏ2, ஏ3 ஆகிய மூன்று செல்களிலும் 8:00 என்று டைப் செய்யுங்கள். ஏ4 செல்லில் =சம்(ஏ1:ஏ3) என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். (செல் எழுத்துகளையும் சம் என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும். வசதிக்காக இங்கே தமிழில் தந்திருக்கிறேன்.) 24 வரும் என்றுதானே எதிர்பார்த்தீர்கள்? 0:00 என்று வந்து நிற்கும். மூன்று நாள் உழைப்பு பூஜ்யம்!

எக்ஸெலுக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. அது நேரத்தை மணியாக வைத்துக்கொள்வதே இல்லை. ஒரு முழு நாள் என்றால் அதற்கு 1. நண்பகல் 12 மணி என்றால் 0.5. காலை 6 மணி 0.25. எட்டு மணி நேரம் என்பது ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.3333. மூன்று எட்டுகளைக் கூட்டினால் 1, ஒரு முழு நாள். கூட்டல் சரி. ஆனால் விடையைக் காட்டும்போது அந்த செல் சாதாரணக் கடிகார பார்மட்டில் இருப்பதால், நம் வீட்டுச் சுவர்க் கடிகாரம் போலவே 24 மணி முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது. முழு நாட்களை விட்டுவிட்டு மீதியை மட்டும் காட்டுகிறது.

என் சித்தி மகளின் 160 மணி நேரம் என்பது 6 நாளும் 16 மணி நேரமும். அந்த 6 நாள் உள்ளே பத்திரமாக இருந்தது; திரையில் தெரிந்ததோ 16:00 மட்டும். அதைத்தான் அவள் பிரிண்ட் எடுத்தாள். ஆடிட்டர் அதில் கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடுத்திருக்கிறார். நாள் முழுக்கக் கூட்டல் சரிபார்க்கும் மனிதர் இந்த ஒரு கூட்டலைப் பார்க்கவில்லை. சரி, விடுங்கள்.

இதில் எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. வகுப்பில் பெரும்பாலோர் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே 8, 8 என்று வெறும் எண்ணை டைப் செய்திருந்தார்கள். அது வெறும் எண் என்பதால் சரியாகக் கூடிவிட்டது. வந்த நேரம், கிளம்பிய நேரம் எல்லாம் குறித்து, பார்முலா போட்டு ஒழுங்காகச் செய்த இவளும், இவள் பைலைக் காப்பி எடுத்துக்கொண்ட நான்கு தோழிகளும்தான் மாட்டிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி 18 நாள் போயிருக்கிறாள். 144 மணி நேரம். கணக்காக 6 நாள். பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே 0.

சரி செய்வது எளிது. மொத்தம் வரும் செல்லைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் கீயுடன் 1 என்ற கீயை அழுத்துங்கள். பார்மட் செல்ஸ் என்ற விண்டோ கிடைக்கும். அதில் நம்பர் டேபில், இடது பக்கப் பட்டியலில் கடைசியாக இருக்கும் கஸ்டம் என்பதைக் கிளிக் செய்யுங்கள். வலது பக்கம் வரும் வரிசையில் இறங்கிப் போனால், ஹெச் என்ற ஆங்கில எழுத்து மட்டும் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒரு வரி தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இப்போது 160:00:00 என்று காட்டும். அந்தச் சதுர அடைப்புக்குறிக்கு, '24இல் நிற்காதே, எண்ணிக்கொண்டே போ' என்று அர்த்தம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்திருப்பவர்களுக்கும் கண்ட்ரோல் + 1 தான் வழி. அதன் சில பதிப்புகள் கூட்டும்போதே முழு நேரத்தையும் காட்டிவிடும்.

மணி நேரத்தைச் சாதாரண எண்ணாகவே வேண்டும் என்றால் மொத்தத்தை 24ஆல் பெருக்கி, செல் பார்மட்டை நம்பர் என்று மாற்றிவிடுங்கள். 120 மணி நேரம் தாண்டியதா என்று பார்முலா போட்டுப் பார்க்கும்போது இது கட்டாயம். பெருக்காமல் 120உடன் ஒப்பிட்டால் எக்ஸெல் தன் உள்ளே இருக்கும் 6.67ஐத்தான் ஒப்பிடும். அப்புறம் உலகத்தில் ஒரு மாணவர் கூடத் தேறமாட்டார்.

ஷீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

அவளுக்கு நான் புதிதாக அமைத்துக் கொடுத்ததைச் சொல்கிறேன். ஏ பத்தியில் தேதி, பியில் வந்த நேரம், சியில் கிளம்பிய நேரம், டியில் இடைவேளை, இயில் மொத்தம். இரண்டாவது வரிசையில் இ2 செல்லில் =சி2-பி2-டி2 என்று கொடுத்து, அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் இருக்கும் சிறு சதுரத்தை மவுசால் பிடித்துக் கீழே இழுத்துவிட்டால் எல்லா வரிசைகளுக்கும் பார்முலா போய்விடும். இன்றைய தேதிக்குக் கண்ட்ரோல் கீயுடன் அரைப்புள்ளி. இந்த நிமிடத்தின் நேரத்துக்குக் கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அதே கீ. ஒரு எச்சரிக்கை: நாம் பள்ளியிலிருந்தே 9.30 என்று புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். கம்ப்யூட்டரில் புள்ளி வைத்தால் அது நேரம் அல்ல, ஒன்பது தசமம் மூன்று. இரட்டைப் புள்ளிதான் வைக்க வேண்டும். மாலை ஆறு மணியை 18:00 என்று 24 மணிக் கணக்கில் கொடுப்பது நல்லது.

எஃப் பத்தியில் 'இன்று செய்த வேலை', ஜி பத்தியில் 'கற்றது அல்லது தடுமாறியது'. கடைசிப் பத்தி எதற்கு என்று அவளே கேட்டாள். டேவிட் கோல்ப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1984இல் அனுபவக் கல்வி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு பொதுவான கருத்தைப் பிடிப்பது, அதை அடுத்த முறை முயன்று பார்ப்பது என்று நான்கு படிகளாக அவர் பிரிக்கிறார். இன்டர்ன்ஷிப் போகும் நம் பிள்ளைகள் முதல் படியில் ஏறி, நேராகச் சான்றிதழுக்குத் தாவிவிடுகிறார்கள். தினமும் இரண்டு வரி எழுதினால் இரண்டாவது படியாவது நடக்கும்.

அறிவுரை சொல்ல எனக்குப் பெரிய தகுதி இல்லை. நான் இன்ஜினியரிங் படித்தபோது பயிற்சி டைரி முழுவதையும் வைவாவுக்கு முந்தின இரவு உட்கார்ந்து எழுதினேன். ஒரே நாளில் எழுதியது தெரியக் கூடாதென்று நீலப் பேனாவையும் கறுப்புப் பேனாவையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டேன். தேர்வாளர் டைரியைத் திறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டுக் காட்டி, "அன்னிக்கும் கம்பெனி திறந்திருந்ததா தம்பி?" என்றார். எக்ஸெலில் இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் கிழமை காட்டச் செய்யலாம் என்று அப்போது தெரியவில்லை.

என் தங்கையின் டைரியில் 7ஆம் நாளுக்கு எதிரே, 'வங்கிக் கணக்கும் பற்று வரவும் ஒத்துப் போகவில்லை. ஒரு காசோலை இரண்டு முறை ஏறியிருந்தது. கண்டுபிடிக்க மதியம் முழுதும் ஆயிற்று' என்றிருந்தது. பணம் கட்டினால் வீட்டிலிருந்தபடியே சான்றிதழ் கிடைக்கும் இன்டர்ன்ஷிப்புகள் இப்போது பெருகிவிட்டன. அந்த மாதிரிச் சான்றிதழ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், இப்படி ஒரு வரி அதில் வராது.

பேராசிரியரின் மேஜையில்

சரி செய்த பிரிண்டில் ஆடிட்டர் மறுபடி கையெழுத்துப் போட்டார். துறைத் தலைவர் ஒப்புக்கொள்வாரா என்று பயம். அவள் வாதாடவில்லை. "சார், உங்க சிஸ்டத்துலயே மூணு செல்லுல 8:00 போட்டு கூட்டிப் பாருங்க" என்றாளாம். அவர் போட்டுப் பார்த்துவிட்டு, ஐந்து பெயர்களையும் அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். அடுத்து, "உங்க அண்ணன் ஊருக்கு வந்தா ஒரு எட்டு காலேஜ் பக்கம் வரச் சொல்லும்மா" என்றும் சொல்லியிருக்கிறார்.

ஆனித் தேரோட்டத்துக்கு ஊருக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். நல்ல மனிதர். துறை மாணவர்கள் அத்தனை பேரின் இன்டர்ன்ஷிப்பையும் ஒற்றை ஆளாக ஒரே எக்ஸெல் ஷீட்டில் வைத்திருந்தார். பதிவு எண் பத்தியைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. 12 இலக்க எண்கள் எல்லாம் நடுவில் ஒரு இ எழுத்தும் கூட்டல் குறியும் 11உம் சேர்ந்து ஏதோ ரசாயனச் சமன்பாடு போலக் கிடந்தன. எக்ஸெலின் ஜெனரல் பார்மட் 11 இலக்கம் வரைதான் முழுதாகக் காட்டும். 12 ஆனதும் சுருக்கிவிடும்.

பைலை எக்ஸெலாகவே வைத்திருக்கும் வரை ஆபத்தில்லை. எண் உள்ளே முழுதாக இருக்கும். ஆனால் வேறு மென்பொருளில் ஏற்றுவதற்காக அதை சிஎஸ்வி பைலாக சேவ் செய்யும்போதுதான் வினை. திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே எழுதப்படும். கடைசி இலக்கங்கள் நிஜமாகவே போய்விடும். ஒரே வகுப்பில் 60 பேருக்கும் முதல் சில இலக்கங்கள் ஒன்றுதானே? அறுபது பேருக்கும் ஒரே பதிவு எண் ஆகிவிடும்.

தீர்வு: டைப் செய்வதற்கு முன்பே அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, பார்மட் செல்ஸ் விண்டோவில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது எண் அல்ல, பெயர். பதிவு எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இந்த வகைதான். பதினாறு இலக்கம் உள்ளவை இன்னும் மோசம். எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும், பதினாறாவதைப் பூஜ்யமாக்கிவிடும். பிறகு பார்மட்டை மாற்றினாலும் அது திரும்பி வராது.

மாணவர்களின் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்க 2021இல் தொடங்கிய அகாடமிக் பேங்க் ஆப் கிரெடிட்ஸ் கணக்கு எண்ணும் 12 இலக்கம்தான். டிஜிலாக்கர் வழியாக உங்கள் பிள்ளை அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கலாம். கல்லூரி அனுப்பிவிட்டது என்று சும்மா இருக்காமல், அந்த செமஸ்டருக்கு உரிய கிரெடிட் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

தேதிகளிலும் குழப்பம் இருந்தது. 03/05/2025 என்பது நமக்கு மே மாதம் 3ஆம் தேதி. விண்டோஸில் நாடு அமெரிக்கா என்று இருந்தால் அதுவே மார்ச் 5. இப்படி மாறியதை எக்ஸெல் சொல்லாது. 12ஆம் தேதிக்கு மேல் போனால் 13ஆவது மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. நீங்கள் எதுவும் மாற்றாதவரை எண்ணும் தேதியும் செல்லின் வலது பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்து இடது பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே பத்தியில் பாதித் தேதிகள் இடமும் பாதி வலமும் நின்றால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று கம்பெனி பெயர். ஒரே நிறுவனத்தை ஒருவர் முழுப் பெயரிலும், இன்னொருவர் சுருக்கியும், மூன்றாமவர் முடிவில் லிமிடெட் சேர்த்தும் கொடுத்திருந்தார்கள். நமக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு மூன்று. எத்தனை மாணவர்கள் அங்கே போனார்கள் என்று கேட்டால் தப்பான விடைதான் வரும். நிறுவனங்களைத் தனி ஷீட்டில் ஒருமுறை மட்டும் எழுதி, டேட்டா மெனுவில் உள்ள டேட்டா வேலிடேஷன் மூலம், டைப் செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்துவிட்டேன். மாணவர் பட்டியலும் தனி ஷீட். யார், எங்கே, எத்தனை மணி நேரம் என்பது மூன்றாவது ஷீட். ஒருவரே இரண்டு இன்டர்ன்ஷிப் போனால் மூன்றாவது ஷீட்டில் இரண்டு வரிசை. பெயரையும் போன் எண்ணையும் மறுபடி அடிக்க வேண்டியதில்லை. டேட்டாபேஸ் என்று என் அலுவலகத்தில் நாங்கள் பெரிய பெயரில் அழைப்பதன் அடிப்படை இவ்வளவுதான்.

இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. காபி வாங்கிக் கொடுத்தார். கிளம்பி பைக்கை எடுக்கும்போது கேட்டரிங் துறையிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். அவருடைய மாணவர்கள் ஹோட்டல்களில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்கள். ஷீட்டில் மணி நேரத்துக்குப் பதிலாக வேலி போட்டது போலக் குறியீடுகளாக வருகிறதாம்.

அந்தக் குறியீடுகள் வந்தால் முதலில் பத்தியை அகலமாக்கிப் பாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால் விடை மைனஸில் போகிறது என்று பொருள். இரவு 22:00 மணிக்கு வந்து காலை 6:00 மணிக்குக் கிளம்பினால், ஆறிலிருந்து இருபத்திரண்டைக் கழிக்கப் பார்த்து எக்ஸெல் முழிக்கிறது. =மாட்(சி2-பி2,1)-டி2 என்று கொடுங்கள். நள்ளிரவைத் தாண்டினாலும் 8 மணி நேரம் சரியாக வரும். பகல் ஷிப்டுக்கும் இதே பார்முலா பொருந்தும் என்பதால், என் தங்கையின் ஷீட்டிலும் இதையே போட்டுவிட்டேன்.